காணாமல் தந்த பரிசில்: சோதனைக் கலையும் சிங்கப்பூர் மானிய வரலாறும்

மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னைக் கலை மானியம் பற்றிப் பேச அழைத்தபோது முதலில் தயங்கினேன். பணம் வழங்கும் அலுவலகத்தில் நான் பணியாற்றியதில்லை. மேடையேறிய கலைஞனும் அல்லேன். ஆயினும் மானியம் என்பதும் ஒரு சொல். சொற்களின் வழியே சென்றால் வரலாற்றின் சில கதவுகள் திறக்கும் என்பது என் நாற்பதாண்டுப் பழக்கம். அந்தத் துணிவில் தொடங்குகிறேன்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வருகிறார். வறுமையை அவரைப் போல் விரித்துப் பாடியவர் சங்கப் புலவருள் மிகச் சிலரே. அவர் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அதியமான் நேரில் தோன்றாமல், பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பி, பெற்றுக்கொண்டு செல்லுமாறு சொல்லிவிட்டான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாமல் தந்த பொருளைப் பெறுவதற்குத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தருவதாயின் அது தினையளவாக இருப்பினும் இனியது என்றும் பாடினார். பாட்டின் எண் 208. இதே புலவர்தான், இளவெளிமான் என்பவன் சிறிது கொடுத்தபோது அதை ஒதுக்கிவிட்டுச் சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுப் போனவர். இன்றைய மானிய அலுவலகங்கள் இப்படிப்பட்ட விண்ணப்பதாரரை விரும்புமா என்பது ஐயமே.

வகுப்பறையில் இப்பாடலைப் புலவரின் தன்மானத்திற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே காட்டினேன். பிற்காலத்தில் வேறொரு கேள்வி என்னைத் தொற்றிக்கொண்டது. கொடுப்பவன் எதைக் கண்டு கொடுக்க வேண்டும்? முடிந்த பாட்டையா, பாடுகின்ற ஆளையா? பாட்டு முன்னரே முடிந்திருந்தால் இக்கேள்வி எழுவதில்லை. இதுவரை ஒருவரும் செய்திராத ஒன்றைச் செய்ய முனையும் கலைஞனுக்குப் பொருள் தரும்போதுதான் எழுகிறது. அவன் படைப்பு இன்னும் பிறக்கவில்லை. அதைக் காண ஒருவராலும் இயலாது. அப்படியானால் சோதனைக் கலைக்குத் தரும் மானியம் முழுவதும் காணாமல் தரும் பரிசில்தானா?

சொற்களைச் சற்றே பார்ப்போம். பரிசில் என்பது நிகழ்த்திக் காட்டிய கலைக்குக் கைம்மாறு. பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஆடியும் பாடியும் பெற்றது அது. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என வழங்கும் மலைபடுகடாம் ஆகிய நான்கும், பரிசில் பெற்ற கலைஞர் பெறாத கலைஞருக்குப் புரவலன் இருக்கும் வழியைச் சொல்லும் நூல்கள். நிதி கிடைக்குமிடத்தைக் கலைஞரே கலைஞருக்குச் சொல்லும் மரபு நம்மிடம் அவ்வளவு பழையது. வழியில் என்ன உண்ணலாம், எங்கே தங்கலாம் என்பதும் அவற்றில் உண்டு. இக்கால விண்ணப்பக் கையேடுகளில் அவை இல்லை.

மானியம் என்பது வேறு வகைச் சொல். மதிப்புக்குரியது என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்து, வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாளிதழ் வாசகருக்கு மானியம் என்றால் பெட்ரோலும் சமையல் எண்ணெயும் வீட்டு விலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். மதிப்பைச் சுட்டிய சொல் விலைக்குறைப்பைச் சுட்டலாயிற்று. தமிழ்நாட்டில் கல்வியாளர் சிலர் நல்கை என்று எழுதுகின்றனர். நல்குதல் என்பதற்குக் கொடுத்தல் மட்டுமன்றி அன்பு செய்தல் என்னும் பொருளும் சங்க இலக்கியத்தில் உண்டு. அழகிய சொல், ஆனால் நம் நாடுகளில் வேரூன்றவில்லை. எனவே மானியம் என்றே வழங்குகிறேன்.

நிலமாகவும் நெல்லாகவும் கலைஞருக்கு மானியம் தந்த வரலாறு சோழர் கல்வெட்டுகளில் விரிவாகக் கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும்படி செய்தான். அவர்கள் இருந்த தெரு, வரிசை, வீடு, அவர்கள் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தனர் என்பன எல்லாம் கல்லில் உள்ளன. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து நெல் பெறலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் விதி இருந்தது. நட்டுவக்காணி, சாக்கைக்காணி போன்ற சொற்களையும் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

இவற்றுள் என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது இராசராசேசுவர நாடகம் பற்றிய கல்வெட்டு. இரண்டாம் இராசேந்திரன் காலத்தது. அந்நாடகத்தை வைகாசித் திருவிழாவில் ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டது. இக்கால வழக்கில் இதைத் தயாரிப்பு மானியம் எனலாம். தொகை தெரிகிறது, பெற்றவன் பெயர் தெரிகிறது, விழா தெரிகிறது. நாடகம் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. கணக்கு கல்லில் நின்றது, கலை காற்றில் போயிற்று. மானிய வரலாறு எழுதப் புகுபவருக்கு இது எச்சரிக்கை. எஞ்சும் ஆவணம் பெரும்பாலும் கொடுத்தவரின் ஆவணமாகவே இருக்கும்.

இக்கொடைகள் எல்லாம் மரபைக் காப்பதற்கானவை. ஆண்டுதோறும் அதே நாளில் அதே கூத்து நடைபெற வேண்டும் என்பது நோக்கம். புதுமை ஒருவேளை நிகழ்ந்திருக்கலாம். அதற்காக நெல் அளக்கப்படவில்லை. தெரியாத ஒன்றை முயன்று பார்ப்பதற்காகவே பொதுப்பணம் தருவது 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற வழக்கம். பிரிட்டனில் 1946இல் அமைந்த கலை மன்றம் அதற்கு ஒரு முன்மாதிரி. பொருளியல் அறிஞர் கெயின்ஸ் அதற்கு வித்திட்டவர். அரச சாசனம் வெளிவருமுன்னரே மறைந்தார். அரசு பணம் தரும், யாருக்குத் தருவது என்பதை அமைச்சர் அன்றி மன்றமே முடிவு செய்யும் என்பது அதன் கொள்கை. நடைமுறை எப்போதும் கொள்கையைப் பின்பற்றியதா என்பது வேறு செய்தி.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சிங்கப்பூரில் 1979இல் கலாசாரப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அது முடித்த பணிக்கான சிறப்பு. பழைய பரிசிலின் உறவு. முடியாத பணிக்குத் தொடர்ந்து நிதி அளிக்கும் அமைப்பு பின்னரே வந்தது. துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் தலைமையில் அமைந்த பண்பாடு, கலைகள் ஆலோசனை மன்றம் 1989இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பரிந்துரையின் வழி 1991இல் தேசியக் கலைகள் மன்றம் தோன்றியது. 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கிற்கும் அவ்வறிக்கையில் வேர் உண்டு.

அரசு திட்டம் தீட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதன் திட்டத்தில் இல்லாத கலைகளும் முளைத்தன. 1988இல் ஓவியர் டாங் டா வூ, உலு செம்பவாங் பகுதியில் லோரோங் கம்பாஸ் என்னுமிடத்துப் பழைய கோழிப்பண்ணையில் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ என்னும் கலைஞர் கூட்டத்தைத் தொடங்கினார். இளங்கலைஞர்கள் அங்கே தங்கி வரைந்தனர், கட்டினர், தம் உடலையே ஊடகமாகக் கொண்டு நிகழ்த்தினர். 1990இல் அவர்கள் அவ்விடத்தைவிட்டு நீங்க நேர்ந்தது. அதே ஆண்டில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் மின்துணைநிலையமாக இருந்த கட்டடத்தில் ‘சப்ஸ்டேஷன்’ என்னும் கலையகத்தைத் திறந்தார். சராசரியான வெற்றியைக் காட்டிலும் தகுதியான தோல்வி மேலானது என்னும் கருத்து அவருடையதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. சோதனைக் கலைக்கு மானியம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சுருங்கிய விளக்கம் நான் அறியேன்.

குவோ பாவ் குன்னின் வரலாறு மாணவர் அறிய வேண்டியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1976 முதல் 1980 வரை தடுத்து வைக்கப்பட்டவர், குடியுரிமை இழந்தவர். 1989இல் அதே அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது. குடியுரிமை 1992இல்தான் திரும்பியது. பதக்கம் முன்னும் குடியுரிமை பின்னுமாக வந்த விந்தை அது.

அவர் 1988இல் மேடையேற்றிய ‘பூனையைத் தேடும் அம்மா’ தமிழருக்கும் உரியது. மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ், ஹொக்கியன் முதலிய பல மொழிகள் ஒரே மேடையில் மொழிபெயர்ப்பின்றி ஒலித்த நாடகம் அது. ஹொக்கியன் மட்டுமே அறிந்த தாயின் பேச்சு அவள் பெற்ற பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. பூனையைத் தேடிச் செல்லும் அவள், தன் பூனையைத் தேடும் தமிழ் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு ஹொக்கியன் தெரியாது. சைகையாலும் குரலாலும் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். ஒருவரையொருவர் புரிந்தும் கொள்கின்றனர். மொழியியல் மாணவர்க்கு நான் பரிந்துரைக்கும் காட்சிகளில் இது முதன்மையானது. நாடகம் நடிகர்களின் கூட்டுப் பயிற்சியிலிருந்து உருவானது. ஆசிரியர் எழுதி முடித்த பிரதியை நடிகர் ஒப்பித்ததாக அது தொடங்கவில்லை. நடித்துப் பார்த்ததிலிருந்து பிரதி விளைந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதற்கு இது வேண்டும்.

1993 டிசம்பர் இறுதியில், பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் இயங்கிய ‘ஃபிஃப்த் பேசேஜ்’ என்னும் கலைஞர் குழுவும் ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜும் இணைந்து ஒரு கலை வாரத்தை நடத்தின. புத்தாண்டு பிறக்கும் இரவில் ஜோசப் எங் என்னும் இளைஞர் ஒரு நிகழ்வைச் செய்தார். தன்பால் ஈர்ப்புடைய ஆண்கள் 12 பேர் காவல்துறையின் மறைமுக நடவடிக்கையில் கைதாகிய செய்தியும், அவர்கள் பெற்ற பிரம்படித் தண்டனையும், அச்செய்தியை நாளிதழ்கள் வெளியிட்ட விதமும் அவருக்குப் பொருளாயின. தோஃபு கட்டிகளைப் பரப்பிச் சிவப்புச் சாயத்தோடு பிரம்பால் அடித்தார். இறுதியில் பார்வையாளருக்கு முதுகு காட்டி நின்று தம் உடலின் மறைவிட முடியைக் கத்தரித்தார். நாளிதழ் ஒன்று அதைப் படத்துடன் வெளியிட்டது. அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு 1,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பொதுமேடையில் நிகழ்த்தவும் தடை வந்தது. ஃபிஃப்த் பேசேஜ் தன் இடத்தை இழந்தது.

ஒரு நிகழ்வைப் பலர் ஆபாசம் என்றனர், சிலர் கலை என்றனர். அது குறித்து இன்றும் இரு கருத்து உண்டு, இருப்பது இயல்பு. வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்ததை. 1994 ஜனவரியில் உள்துறை அமைச்சும் தகவல், கலைகள் அமைச்சும் கூட்டறிக்கை வெளியிட்டன. எழுத்துப் பிரதி இல்லாமலும் பார்வையாளரைத் திடீரென ஈடுபடுத்தியும் நடைபெறும் புதிய கலைவடிவங்கள் பொது ஒழுங்குக்குக் கேடாகலாம் என்பது அறிக்கையின் கவலை. இரு வடிவங்கள் பெயர் சுட்டப்பட்டன. ஒன்று, உடலையே ஊடகமாகக் கொள்ளும் நிகழ்வுக்கலை. (நிகழ்கலை என்னும் சொல் ஆடல், பாடல், கூத்து அனைத்துக்கும் வழங்கிவருவதால் இங்கு நிகழ்வுக்கலை எனச் சற்றே வேறுபடுத்தி எழுதுகிறேன்.) மற்றொன்று, ஃபோரம் தியேட்டர் எனப்படும் விவாத அரங்கு. தேசியக் கலைகள் மன்றத்தின் நிதி இவ்விரண்டுக்கும் இல்லையென்றாயிற்று. விவாத அரங்கு நடத்த விரும்புவோர் பிணைத்தொகை கட்ட வேண்டுமென்ற நிபந்தனையும் வந்தது.

விவாத அரங்கு எவ்வாறு இதில் வந்து சேர்ந்தது? அது பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகுஸ்தோ போவால் வகுத்த முறை. ஒரு சிக்கலை நாடகமாக நடித்து முடிப்பார்கள். பின்பு அதையே மீண்டும் நடிப்பார்கள்; இம்முறை பார்வையாளர் எவரும் நிறுத்தச் சொல்லி, மேடையேறி, பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறுவிதமாக நடந்து காட்டலாம். வகுப்பறையில் இதன் பயனை இன்று ஆசிரியர் பலரும் அறிவர். ‘நெசஸரி ஸ்டேஜ்’ நாடகக் குழு 1993இல் இம்முறையில் இரு நாடகங்களை நிகழ்த்தியிருந்தது. அக்குழுவின் ஆல்வின் டானும் ஹரேஷ் சர்மாவும் நியூயார்க்கில் போவால் நடத்திய பயிலரங்கில் கலந்துகொண்டதை, அப்பயிலரங்கை மார்க்சியத்தோடு தொடர்புபடுத்தி, 1994 பிப்ரவரியில் ஒரு நாளிதழ்க் கட்டுரை எழுதியது. குழு கலைக்கப்படவில்லை, அதன் பிற நாடகங்கள் தொடர்ந்தன. விவாத அரங்குதான் நின்றது.

என் துறைசார்ந்து நான் சொல்ல விரும்புவது இதுதான். அரசு அன்று அஞ்சியது உடலையோ அரசியலையோ மட்டும் அன்று, பிரதியின்மையையும் அஞ்சியது. அக்கால உரிமமுறையும் மானியமுறையும் எழுத்தை முன்கூட்டிப் படிக்கும் முறைகள். நாடகம் என்றால் பிரதி உண்டு. படிக்கலாம், அடிக்கோடிடலாம், அனுமதிக்கலாம், மறுக்கலாம். பிரதியே இல்லாத கலை, படிக்கத் தெரிந்த அலுவலரின் முன் ஊமையாகிவிடுகிறது. பேச்சு முதலாவது, எழுத்து அதன் பதிவு என்பது மொழியியலின் முதற்பாடம். தெருக்கூத்தின் கட்டியங்காரன் எந்த ஏட்டைப் படித்தா ஊர்க் கதையை நடுவே நுழைக்கிறான்? முன்வரிசையில் உறங்குபவரைப் பெயர் சொல்லி அழைப்பது எந்தப் பிரதியில் இருக்கிறது? அதே நாட்டில் ஆறாண்டுகளுக்கு முன் ‘பூனையைத் தேடும் அம்மா’ நடித்துப் பார்த்தே பிறந்ததை முன்பே சொன்னேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதியமான் தன் பொருளைக் கொடுத்தான். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மன்றம் கொடுப்பது மக்கள் வரிப்பணம். தன் பணம் தான் வெறுக்கும் ஒன்றுக்குச் செல்வதைக் கேள்வி கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடும் கலைஞரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒருவர் ஓரிரவு செய்த செயலுக்காக ஒரு கலைவகை முழுவதற்கும் நிதியை நிறுத்தியது வேறு. ஒரு வெண்பாவில் தகாத சொல் இருந்தால் அவ்வெண்பாவைக் கண்டிக்கலாம். வெண்பா யாப்பையே விலக்குவது முறையாகுமா?

1995 ஆகஸ்டில் டாங் டா வூ தம் விடையைத் தந்தார். ‘சிங்கப்பூர் ஆர்ட் 95’ கண்காட்சிக்கு அதிபர் வருகை தந்தார். அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங். 1989ஆம் ஆண்டு அறிக்கைக்குத் தலைமை தாங்கிய அவரேதான். டாங் டா வூ கறுப்பு மேற்சட்டை ஒன்றை அணிந்துகொண்டார். கலைக்குப் பணம் கொடுக்காதீர் என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகள் அதன் முதுகில் மஞ்சள் நூலால் பின்னப்பட்டிருந்தன. அதிபரிடம் ஒரு சிறு தாளை நீட்டினார். தாம் ஒரு கலைஞர் என்றும் தாம் முக்கியமானவர் என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. நிதி மறுக்கப்பட்ட கலைவடிவத்தில், நிதியைப் பற்றி, நிதி மன்றத்துக்கு வித்திட்டவரின் முன்னால் நிகழ்ந்தது அந்நிகழ்வு. பெருஞ்சித்திரனார் யானையைக் காவல்மரத்தில் கட்டியதற்கு இணையாக நான் அறிந்த ஒரே தற்காலச் செயல் இது.

பணம் தடைப்பட்ட பத்தாண்டில் கலை அழிந்துவிட்டதா? இல்லை. லீ வென் தம் உடல் முழுதும் மஞ்சள் வண்ணம் பூசி நடந்த ‘மஞ்சள் மனிதன்’ நிகழ்வுகளை வெளிநாடுகளில் தொடர்ந்தார். டாங் டா வூவுக்கு 1999இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா விருது கிடைத்தது. மூத்தவர்க்கு அயல்நாட்டு மேடைகள் இருந்தன. 1994இல் இருபது வயதாயிருந்து, பெயரும் தொடர்பும் இல்லாதிருந்தவர்க்கு என்ன இருந்தது? அவர்களுள் எத்தனை பேர் வேறு தொழிலுக்குச் சென்றனர் என்பது எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. மறுக்கப்பட்ட மானியத்திற்குக் கல்வெட்டு கிடையாது.

இதற்கிடையில் பணம் குறையவில்லை, பெருகியது. மறுமலர்ச்சி நகரத் திட்டம் 2000இல் வந்து, ஐந்தாண்டுகளுக்குக் கூடுதலாக 50 மில்லியன் வெள்ளியைக் கலைக்கு ஒதுக்கியது. படைப்பாற்றல் பொருளாதாரத்திற்கு வேண்டும் என்ற பேச்சு எங்கும் ஒலித்தது. அப்பேச்சு ஒலித்த ஆண்டுகளிலும் அவ்விரு வடிவங்களுக்கும் கதவு அடைத்தே இருந்தது. தணிக்கை மறுஆய்வுக் குழு தன் பணியை முடித்த 2003ஆம் ஆண்டில்தான் நிதித்தடை நீங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் லீ வென்னும் நண்பர்களும் பன்னாட்டு நிகழ்வுக்கலை விழா ஒன்றை நடத்தினர். ‘டிராமா பாக்ஸ்’ குழு விவாத அரங்கைக் குடியிருப்புப் பேட்டைகளுக்குக் கொண்டு சென்றது. லீ வென் 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். குவோ பாவ் குன் இவற்றைக் காணவில்லை; 2002 செப்டம்பரில் மறைந்துவிட்டார்.

தமிழ் மேடை இக்காலத்தில் எங்கிருந்தது என்று மாணவர் கேட்பீர்கள். இளங்கோவன் எழுதி இயக்க, அக்கினிக் கூத்து நிகழ்த்திய ‘தலாக்’ 1998இலும் 1999இலும் தமிழில் மேடையேறியது. 2000இல் மலாய், ஆங்கில வடிவங்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. அது உரிமம் பற்றிய வழக்கு, மானியம் பற்றியதன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. உரிமம் மறுத்தல் நீ செய்யாதே என்பது. மானியம் மறுத்தல் செய், என் பணத்தில் செய்யாதே என்பது. இரண்டாவது மென்மையானதாகத் தோன்றும். அரங்கு, ஒளி, ஒலி அனைத்துக்கும் பொதுநிதியையே பெரிதும் நம்பியிருக்கும் சிறு நாட்டில் இரண்டுக்கும் இடைவெளி குறைவு.

பிரதி இருந்தால் மட்டும் தப்பலாம் என்பதும் இல்லை. சோனி லியூவின் ‘சார்லி சான் ஹாக் சாய்’ சித்திரக்கதை நூலுக்கு 8,000 வெள்ளி மானியம் அளிக்கப்பட்டிருந்தது. 2015இல் நூல் வெளியாகும் வேளையில், உள்ளடக்கத்தைக் காரணங்காட்டி மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. 2017இல் அந்நூல் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்றது. விருது வென்றதால் மானியம் சரியென்றோ, வெல்லாதிருந்தால் தவறென்றோ ஆகாது. வெற்றியை அளவுகோலாக்கினால் தகுதியான தோல்விக்கு இடமில்லாமல் போகும்.

என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் மொழி அறிந்தவன் என்ற முறையில் அமர்ந்திருந்தேன். ஓர் இளைஞர் விண்ணப்பித்திருந்தார். ஈரச்சந்தையில் பேசப்படும் தமிழ், விலை கூவுதல், பேரம், மலாயும் ஹொக்கியனும் கலந்த எண்கள் ஆகியவற்றைப் பதிந்து அவற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை உருவாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எதிர்பார்க்கும் விளைவு என்ற கட்டத்தில், பதிந்த பிறகே தெரியும் என்று எழுதியிருந்தார். நான் குறைந்த மதிப்பெண் இட்டேன். விளைவு தெரியாத திட்டத்திற்குப் பொதுப்பணம் எப்படித் தருவது என்று குழுவில் சற்று உரக்கவே கேட்டேன். மொழிக் கலப்பும் எனக்கு உறுத்தியது என்பதை இன்று மறைப்பதில் பயனில்லை. விண்ணப்பம் விழுந்தது.

மறுவாரம் வகுப்பில் 208ஆம் பாட்டு. மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, அதியமான் வெளியே வந்து அவரைப் பார்த்திருந்தால் என்ன பார்த்திருப்பான்? பாட்டு இன்னும் பாடவே இல்லையே.” நான் உடனே விடை சொல்லவில்லை. அந்த இளைஞரை நாங்கள் நேரில் அழைத்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு என்ன செய்தார், எப்படிக் கேட்கிறார், ஒரு மீன்காரரின் குரலை எவ்வளவு நேரம் நின்று கேட்பார் என்பதை நாங்கள் அறிய முயலவேயில்லை. படிவத்தைக் கண்டோம், ஆளைக் காணவில்லை. பிறக்காத படைப்பைக் காண முடியாது. அதைச் செய்யப்போகிறவரைக் காண முடியும். பெருஞ்சித்திரனார் கேட்டது அதைத்தான். அவர் பொருளின் அளவைப் பற்றி முறையிடவே இல்லை.

அந்த ஈரச்சந்தை பின்னர் இடிக்கப்பட்டது. அங்குக் கேட்ட எண்களை இன்று கேட்க வேண்டுமானால் என் போன்ற முதியவரின் நினைவைத்தான் நம்ப வேண்டும். ஒரு மொழியியலாளன் தன் கைப்பட மறுத்த மொழித்தரவு அது.

இறுதியாக ஒரு செய்தி. 2012 பிப்ரவரியில், நெசஸரி ஸ்டேஜ் நடத்திய ஃபிரிஞ்ச் விழாவில், சப்ஸ்டேஷன் அரங்கில், லூ சிஹான் என்னும் கலைஞர் 1994ஆம் ஆண்டு நிகழ்வை மீண்டும் நிகழ்த்தினார். அன்று எடுக்கப்பட்ட காணொளியும், நேரில் கண்டோரின் விவரிப்புகளும் அவருக்கு ஆதாரமாயின. வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற வரையறையுடன் உரிமம் கிடைத்தது. அதைப் பெறுவதற்காக, ஒவ்வோர் அசைவையும் சொல்லும் எழுத்துப் பிரதி ஒன்றை அவர் முன்கூட்டியே அலுவலகத்தில் அளித்திருந்தார்.